கோட்டை வளர, மந்திரம் தேயும்

1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு வெளிவந்தபோதே, உயர்ந்த நிலையை எட்டிய வீரன் கோட்டை கட்டிப் பிரபுவாகலாம் என்று விதி இருந்தது. குடிகளிடம் தலைக்கு ஆண்டுக்கு 10 பொற்காசு வரி. டிராகனோடு மல்லுக்கட்டுவதைவிட வரி வசூல் சுலபம். விதி எழுதுகிறவருக்குத் தலைவலியும் அங்கேதான் ஆரம்பம்.

ஒரு சத்திரத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். மாத வரவு 10 காசு. 100 காசு செலவழித்து ஒரு படி உயர்த்தினால் வரவு இன்னொரு 10 கூடும். முதல் படிக்குக் காசு சேர 10 மாதம் ஆகும். இரண்டாவதற்கு 5 மாதம் போதும். பத்தாவதற்கு ஒரே மாதம்! 29 மாதம் சொச்சத்தில் பத்துப் படியும் முடிந்துவிடும். அதன்பிறகு எவன் குகைக்குள் இறங்குவான்? சரி, ஒவ்வொரு படிக்கும் விலையை இரட்டிப்பாக்கினால்? பத்தாவது படியின் விலை 51,200 காசு. அதற்கு மட்டும் 512 மாதம், அதாவது 42 ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். வீரனுக்குப் பேரனே பிறந்துவிடுவான். 100, 200, 300 என்று ஏற்றினால் எல்லாப் படிக்கும் அதே 10 மாதம். நியாயமான ஏற்பாடுதான், ஆனால் சப்பென்று இருக்கும்.

அதே விளையாட்டுக்கு 2024-ல் வந்த டன்ஜன் மாஸ்டர் கையேடு வேறு வழி பார்க்கிறது. அதில் கோட்டைக்குள் 4 சதுரக் கட்ட அறையை 16 கட்டமாக்க 500 காசு, 25 நாள். 16-ஐ 36 ஆக்க 2,000 காசு, 80 நாள். ஒரு கட்டத்துக்குச் சுமார் 42 காசாக இருந்தது 100 ஆகிறது. ஆனால் சிறிதாகக் கட்டி விரித்தாலும், எடுத்த எடுப்பிலேயே பெரிதாகக் கட்டினாலும் மொத்தச் செலவு ஒன்றே, நாட்கணக்கும் ஒன்றே. சின்னதாகத் தொடங்கியவனுக்கு நஷ்டமில்லை. நூலகம், பட்டறை போன்ற சிறப்பு அறைகளையோ காசு கொடுத்து வாங்கவே முடியாது. 5-ஆம் லெவலில் இரண்டு, 9-ஆம் லெவலில் மேலும் இரண்டு என்று லெவல் ஏறினால்தான் கிடைக்கும். ஆக, திரும்பவும் குகைக்குப் போயே ஆக வேண்டும்.

எனக்குப் பிடித்தது, அதே விளையாட்டின் உலகங்களில் ஒன்றாக 1995-ல் வந்த பர்த்ரைட். அதில் ஆட்டக்காரர்களே ஆட்சியாளர்கள். ஒரு மாகாணத்தின் மட்டம் உயர்ந்தால் அங்கே கோயிலும் வணிகர் சங்கமும் வளர இடம் கிடைக்கும். ஆனால் மந்திரவாதி சக்தி எடுக்கும் ஊற்றின் உச்சவரம்பு பொதுவாக அந்த நிலத்தின் இயல்பான சக்தியிலிருந்து மாகாணத்தின் மட்டத்தைக் கழித்தே கிடைக்கும். ஊர் ஒரு படி ஏறினால் ஊற்று ஒரு படி இறங்கும். கஜானா நிரம்பி வழிந்தாலும் இந்த விதியை விலைக்கு வாங்க முடியாது. காட்டை அழித்து ஊரைப் பெருக்கலாம் என்று அரசர் வாயைத் திறந்ததுமே பூசாரியும் வணிகரும் தலையாட்டுவார்கள். மந்திரவாதியாக ஆடுகிறவர் மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டார்.