தந்தைவழி மரபும் மொழிவழியும்

மக்களினத்தின் பண்டை வரலாற்றை ஆராய்வார்க்குத் தாழியும் கல்வெட்டும் மொழியுமே நெடுங்காலம் சான்றுகளாய் நின்றன. இன்று உயிரணுவினுள் அமைந்த மரபுப்பொருளும் ஒரு சான்றாயிற்று. அச்சான்று எதனை உணர்த்தும், எதனை உணர்த்தாது என்பதை ஆர்1பி என்னும் தந்தைவழி மரபினைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஆண்மக்களிடத்தே அமையும் ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. அதன் பெரும்பகுதி தாய்வழிக் கூற்றோடு கலவாது அப்படியே இறங்கி வரும். இடையிடையே அதில் நேரும் சிறு மாற்றங்கள் பின்னோரிடத்தும் நிலைபெறும். ஒரே மாற்றத்தைத் தாங்கியோர் ஒரே மூதாதையின் வழியினர் என்பது இதனாற் பெறப்படும்.

சைபீரியாவின் பைகால் ஏரிப்பகுதியைச் சார்ந்த மால்டாவில் ஏறத்தாழ 24,000 ஆண்டுகட்கு முன் இறந்த சிறுவன் ஒருவனிடம் ஆர் என்னும் மூலமரபு காணப்பட்டது. அதன் கிளையாகிய ஆர்1பி, வட இத்தாலியின் வில்லபுரூனாவில் ஏறத்தாழ 14,000 ஆண்டுகட்கு முன் வாழ்ந்த ஒருவனிடம் காணப்படுகின்றது. ஆயினும் அம்மரபு மேலை ஐரோப்பாவிற் பெருகியது பிற்காலத்தேயாம். கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளிகளில் ஏறத்தாழ 5,000 ஆண்டுகட்கு முன் மந்தை மேய்த்து வாழ்ந்த யாம்னயா ஆடவருள் பெரும்பாலோர் இம்மரபினர். புல்வெளி மக்களின் வழியினர் மேற்கே பரவினமையை 2015-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. ஐபீரியத் தீவக்குறையில் கி.மு. 2000 அளவில் பழைய தந்தைவழிகள் ஏறத்தாழ முற்றும் மறைந்து ஆர்1பி நிறைந்தது. எனினும், மக்களின் முழு மரபுக்கூற்றில் மாறியது ஏறத்தாழ 40 விழுக்காடே என்பது 2019-ஆம் ஆண்டு ஆய்வின் முடிபு.

இனி, பிரனீசு மலைச்சாரலில் வாழும் பாசுக்கு மக்களை நோக்குவோம். இவர்தம் மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சாராதது. அக்குடும்ப மொழிகள் பரவுமுன் அந்நிலப்பகுதியில் வழங்கியவற்றின் எச்சமெனக் கருதப்படுவது. ஆதலின், இவரிடம் மிக்குள்ள ஆர்1பி பழங்கற்காலந்தொட்டே அங்கு நிலைத்தது என அறிஞர் சிலர் முன்னர்க் கருதினர். மொழி பழையதாயின் குருதியும் பழையதாதல் வேண்டும் என்பது அவர்தம் துணிபு போலும். பண்டை எலும்புகளின் ஆய்வு அதனை மறுத்தது. புல்வெளியினின்று வந்த தந்தைவழியைத் தாங்கியோரே அப்பழைய மொழியைப் பேணி வருகின்றனர்.

இஃது எங்ஙனம் கூடும்? பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவர்க்கு 1,024 மூதாதையர் இடங்கள் உள. ஒய் குரோமோசோம் அவற்றுள் ஒன்றையே காட்டும். மொழியோ தாயிடத்தும் ஊரிடத்தும் கற்கப்படுவது. ஆகவே, மரபுக்குழுவின் பெயரை மொழியின் பெயராகவோ இனத்தின் பெயராகவோ கொள்ளுதல் பொருந்தாது. ஒரு மொழியின் தொன்மைக்கு அதன் சொற்களும் நூல்களும் கல்வெட்டுக்களுமே சான்று; அதனை நாட்டப் புகுவார் குருதியைத் துணைக்கு அழைக்க வேண்டுவதில்லை என்க.