பற்றரியில் வாழும் மணிக்கூடு

பொழுதுபோக்காக மின்னணுக் கருவிகளை அமைப்போர் தொகை பெருகிவரும் இந்நாளில், அவர்தம் கருவிகளுட் பல ஓர் எளிய வினாவுக்கு விடையறியாது தடுமாறுகின்றன. இப்பொழுது மணி என்ன என்பதே அவ்வினா. நாற்றுமேடைக்கு வேளையறிந்து நீர் பாய்ச்சும் பொறியும், முதியவர்க்கு மருந்துண்ணும் நேரத்தை ஒலித்துணர்த்தும் பெட்டியும் இதனை அறிந்தேயாக வேண்டும். மருந்துவேளை தவறுவது சிறு பிழையன்று.

ஆர்டுயினோ ஊனோ என்னும் பலகையிலுள்ள நுண்கட்டுப்படுத்தி தானே செக்கன்களை எண்ண வல்லதுதான். ஆயினும் அதற்குத் துடிப்பு வழங்குவது பீங்கான் அதிரி. அதன் பிழை நூற்றுக்கு அரைப்பங்குவரை இருக்கலாம். அற்பமெனத் தோன்றும் அவ்வரைப்பங்கு ஒரு நாளில் ஏழு நிமிடத்துக்கு மேலாகிவிடும். மின்சாரம் தடைப்பட்டாலோ எண்ணியது முழுவதும் மறந்துபோம். ஆகவேதான் காலத்தைக் காப்பதையே தொழிலாகக் கொண்ட தனிச் சிப் ஒன்று வேண்டப்படுகின்றது.

இச்சிப்புகள் பெரும்பாலும் இசைக்கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் பளிங்கை நம்பியிருப்பவை. அப்பளிங்கு செக்கனுக்கு 32,768 முறை அதிரும். அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் மிச்சமின்றி ஒன்று கிடைக்கும். அதுவே ஒரு செக்கன். ஆனால் பளிங்குக்கு வெப்பநிலை ஆகாது. 25 பாகை செல்சியசு அளவில் செம்மையாக அதிர்வது, வெயிலேறினும் குளிரேறினும் மந்தமாகிவிடுகின்றது. அம்மந்தமும் வெப்பநிலை வேறுபாட்டின் வருக்கத்துக்கு ஏற்பப் பெருகுவது. 45 பாகையில் காயும் பெட்டியொன்றினுள் நாளொன்றுக்கு ஒரு செக்கனுக்குச் சற்று மேலாகப் பின்தங்கும்.

டி.எஸ். 1307 இத்துறையில் பழையது, எளியது. அதற்குப் பளிங்கைப் புறத்தே இணைத்தல் வேண்டும். 12.5 பிக்கோ பரட்டுச் சுமைக்கு அமைந்த பளிங்கே அதற்கு ஏற்றது. பளிங்கின் பிழை பத்து இலட்சத்தில் இருபது பங்காயின் ஓராண்டில் பத்து நிமிடத்துக்கு மேல் வழுவும். மேலும் அது 5 வோல்ற்று மின்னழுத்தத்துக்கென அமைக்கப்பட்டது; 3.3 வோல்ற்றில் இயங்கும் புதிய பலகைகளோடு அதனை நேரே பொருத்துவது தகாது. முதன்முறை மின்னூட்டும்போது அதன் அதிர்ச்சி நிறுத்தப்பட்ட நிலையிலிருக்கவும் கூடும். நேரத்தை ஒருமுறை எழுதினாலே அது ஓடத்தொடங்கும். இதையறியாது நல்ல சிப்பைக் குப்பையிலெறிவோரும் உளர்.

பி.சி.எஃப். 8523 மின்னை மிகச் சிக்கனமாக உண்பது. ஏறத்தாழ 150 நனோ அம்பியர் அதற்குப் போதும். 3.3 வோல்ற்றிலும் தடையின்றி இயங்கும். அதுவும் வெப்பநிலையைக் கருதுவதில்லை. எனினும் சில கிழமை ஓடவிட்டு எவ்வளவு பிழைக்கின்றது என்று கணித்து, அதற்கேற்ற திருத்தத்தை அதனுள்ளேயே எழுதிவைக்கலாம். பொறுமையுள்ளவர்க்கு இது நல்ல வழி.

டி.எஸ். 3231 இவற்றினும் மேம்பட்டது. பளிங்கும் வெப்பமானியும் சிப்பின் உள்ளேயே உள்ளன. 64 செக்கன்களுக்கு ஒருமுறை தன் வெப்பநிலையைத் தானே அளந்து, அதிர்வைத் திருத்திக்கொள்ளும். பூச்சியம் முதல் 40 பாகைவரை அதன் பிழை பத்து இலட்சத்தில் இரண்டு பங்குக்கு மேற்படாது. அஃதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். பெயரின் இறுதியில் ‘எம்’ என்னும் எழுத்துடையது வேறு இனம். அதில் பளிங்குக்குப் பதிலாக நுண்ணிய சிலிக்கன் அதிரி உண்டு. பிழை ஐந்து பங்கு. மருந்துப் பெட்டிக்கு இரண்டுமே போதும். விலை கருதி 1307ஐ நாடுவதில் இன்று பொருளில்லை.

3231 மற்றவற்றினும் சற்று மிகுதியாக மின்னை உண்பது உண்மை. அதிகபட்சமாக 3 மைக்கிரோ அம்பியர் என்றே கொண்டாலும், 220 மில்லி அம்பியர் மணி கொண்ட சி.ஆர். 2032 என்னும் நாணயப் பற்றரி, கணக்கின்படி எட்டாண்டு தாங்கும்.

ஆனால் இங்கே ஓர் ஆபத்து மறைந்துள்ளது. மலிவாக விற்கப்படும் 3231 பலகைகள் பலவற்றில், ஓர் இருவாயியும் 200 ஓம் தடையியும் பற்றரிக்கு மின்னேற்றும் வகையில் இணைக்கப்பட்டுள்ளன. அவை மீள மின்னேற்றத்தக்க எல்.ஐ.ஆர். 2032 பற்றரியைக் கருதி வைத்தவை. சி.ஆர். 2032 மின்னேற்றத்தக்கதன்று. 5 வோல்ற்றில் இயங்கும்போது இருவாயியைக் கடந்து ஏறத்தாழ 4.4 வோல்ற்று பற்றரியை அடையும். அதனால் அது வீங்கலாம், கசியலாம், வெடிக்கவும் கூடும். எல்.ஐ.ஆர். வகைக்கே 4.2 வோல்ற்றுத்தான் எல்லை. ஆகவே பற்றரியை இடுமுன் அத்தடையியைப் பற்றாசுக் கோலினால் அகற்றிவிடுதல் வேண்டும். அகற்றியபின் சி.ஆர். 2032ஐ அச்சமின்றி இடலாம். மணிக்கூட்டின் ஓட்டத்துக்கு அத்தடையி எவ்வகையிலும் தேவைப்படுவதில்லை.