விழுங்கியவனும் நோயாளியே

சிறையிலிருப்போருள் சிலர் ஆணி, சவர பிளேடு, பேட்டரி முதலியவற்றை வேண்டுமென்றே விழுங்கிவிடுவதுண்டு. மனநோயினால் அவ்வாறு செய்வோர் உளர். சாகத் துணிந்தோர் உளர். பிணை கிடைக்காத ஏக்கத்தையோ உடனிருப்போரைப் பற்றிய அச்சத்தையோ தெரிவிக்க வேறு வழியறியாதோர் உளர். சில நாள் மருத்துவமனையில் தங்க விரும்பிச் செய்வோரும் இல்லாமலில்லை. இக்கடைசிக் காரணத்தைக் கொண்டு அனைவரையும் ‘நடிப்பு’ என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

நம் பகுதியில் 1862இல் அமைக்கப்பட்ட சேலம் மத்திய சிறையையும், நாமக்கல் முதலிய ஊர்களின் கிளைச் சிறைகளையும் எண்ணிப் பார்ப்போம். நள்ளிரவில் ஒருவன் ‘விழுங்கிவிட்டேன்’ என்றால், அதை முதலில் கேட்பவர் மருத்துவரல்லர், காவலரே. சேலத்திலும், 2022 முதல் நாமக்கல்லிலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. ஆயினும் அங்கே கொண்டுசெல்ல வழிக்காவலும் வாகனமும் வேண்டும். காவலரின் இடர்ப்பாடு பொய்யன்று. எனினும் எவ்வளவு விரையவேண்டும் என்பதை முடிவுசெய்வது விழுங்கியவனின் நோக்கமன்று. விழுங்கிய பொருளும் அது தங்கிய இடமுமேயாம்.

இரைப்பையை அடைந்த பொருள்களுள் பெரும்பாலானவை சில நாள்களில் தாமே வெளியேறிவிடும்; மருத்துவரின் கண்காணிப்பே போதும். ஆனால் உணவுக்குழாயில் சிக்கிய பொத்தான் பேட்டரி 2 மணி நேரத்திற்குள்ளேயே அதன் சுவரை அரிக்கத் தொடங்கும். அங்கே தங்கிய கூரிய பொருளையும் தாமதமின்றி எண்டோஸ்கோப் கருவியால் எடுக்கவேண்டும். 6 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டவை இரைப்பையைக் கடப்பது அரிது. போதைப்பொருள் பொட்டலமாயின் அது கிழிந்துவிடக்கூடுமாதலால், அக்கருவியால் எடுக்க முயல்வதில்லை. மரத்துண்டும் பிளாஸ்டிக்கும் எக்ஸ்ரே படத்தில் புலப்படாமற்போகலாம். ஆகவே படத்தில் ஒன்றும் தெரியாமை, பொய் சொன்னான் என்பதற்குச் சான்றாகாது. வாந்தியெடுக்கச் செய்வதும், வாழைப்பழம் ஊட்டுவதும் தவிர்க்கத்தக்கவை.

சட்டமும் இவ்வொழுங்கையே காட்டுகிறது. குற்றவாளியாயினும் குற்றமற்றவராயினும் உயிரைக் காப்பது மருத்துவரின் கடமை என 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தற்கொலைக்கு முயன்றவர், மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, கடும் மன அழுத்தத்திலிருந்தவராகவே கருதப்படவேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோ, அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்குடைய தற்கொலை முயற்சியைத் தண்டனைக்குரியதாகவே வைத்திருக்கிறது. ஆகவே நோக்கத்தை ஆராய இடமுண்டு; ஆனால் அது சிகிச்சைக்குப் பின்னரே.

பொருளை எடுத்தவுடன் பணி முடிந்துவிடுவதில்லை. விழுங்கத் தூண்டிய துயரம் உள்ளேயே இருக்குமாயின், அவன் மீண்டும் விழுங்குவான். மனநல மருத்துவரும், வழக்கின் நிலையைச் சொல்லும் வழக்கறிஞரும், வீட்டாரின் செய்தியும் அவனுக்குத் தேவை. மத்தேயு 25ஆம் அதிகாரம் நோயுற்றோரையும் காவலிலிருப்போரையும் அடுத்தடுத்துக் கூறுகிறது. இங்கே இருவரும் ஒருவரே. சிறைப்பணிக்குச் செல்லும் நாம், ‘ஏன் விழுங்கினாய்?’ என்று கடிந்து கேளாமல், ‘யாரிடம் என்ன சொல்ல விரும்பினாய்?’ என்று கேட்கக் கற்றுக்கொள்வோமாக.