முழங்கால் மூட்டுத் தேய்வு: மாத்திரையும் கைமுறை மருத்துவமும்

பழவேற்காடு ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். தமிழகத்தையும் ஆந்திரத்தையும் தழுவிக் கிடக்கும் இவ்வேரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ 1 மீட்டரே. ஆதலின் இங்கு மீன்பிடித்தல் பெரிதும் கால்களின் உழைப்பாகும். சேற்றில் கால் புதைய நடந்து வலை இழுப்போரும், நீரில் குனிந்து கைகளால் தடவி இறால் பிடிப்போரும், கரையில் குந்தி மீனைத் தரம் பிரிக்கும் மகளிரும் தம் முழங்கால்களையே முதலாகக் கொண்டு வாழ்கின்றனர். அம்முதல் தேய்ந்தால் குடும்பத்தின் வருவாயும் தேயும்.

எலும்புகளின் முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு சிதைவதும், மூட்டின் உட்சவ்வு அழற்சியுறுவதும், சுற்றியுள்ள தசைகள் வலுவிழப்பதும் சேர்ந்ததே மூட்டுத் தேய்வு நோய். சித்த மருத்துவம் இதனை அழல் கீல்வாயு என்னும். முதுமையும் உடற்பருமனும் இதன் காரணங்கள். நெடுநேரம் குந்தியிருத்தலும் ஒரு காரணமென 2004ஆம் ஆண்டு வெளியான பெய்ஜிங் ஆய்வு காட்டியது. இந்நோய்க்கு அழற்சி நீக்கி மாத்திரை சிறந்ததா, கைமுறை மருத்துவம் சிறந்ததா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாத்திரை செய்வது யாது?

டைக்ளோபினாக், ஐபுபுரூபன் முதலியவை புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் உருவாவதைத் தடுத்து வலியையும் வீக்கத்தையும் தணிக்கின்றன. ஆஸ்பிரின் இவ்வாறே செயற்படுகிறது என்பதை 1971இல் கண்டறிந்த ஜான் வேன், 1982இல் நோபல் பரிசு பெற்றார். எனினும் அதே வேதிப்பொருளே இரைப்பையின் உட்சுவரையும் சிறுநீரகத்தின் குருதியோட்டத்தையும் காக்கின்றது. எனவே நாள்தோறும் விழுங்கும் மாத்திரை இரைப்பைப் புண், குருதிக்கசிவு, சிறுநீரகக் கேடு, மாரடைப்பு ஆகியவற்றுக்கு வழிகோலலாம். வெயிலில் வியர்த்து, நீர் அருந்தாது உழைப்போர்க்குச் சிறுநீரகக் கேடு இன்னும் அண்மையது. கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வழக்கம் இதனாலேயே அஞ்சத்தக்கது. மேலும், மாத்திரை வலியை அடக்குமேயன்றித் தேய்ந்த மூட்டைச் சீராக்காது.

கை செய்வது யாது?

மூட்டை மெல்ல அசைத்தும், இறுகிய தசைகளை நீட்டியும் அழுத்தியும் விறைப்பை நீக்குவது கைமுறை மருத்துவம். சித்த மருத்துவத்தின் தொக்கணம் இதற்கு உறவுடையது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் 83 நோயாளரிடம் நடந்த ஓர் ஆய்வில், கைமுறை மருத்துவத்தோடு உடற்பயிற்சியும் பெற்றோர் 6 நிமிடங்களில் முன்னினும் மிகுந்த தொலைவு நடந்தனர். ஓராண்டில் அவர்களுள் 5 விழுக்காட்டினரும், ஒப்பீட்டுக் குழுவினருள் 20 விழுக்காட்டினரும் மூட்டு மாற்று அறுவைக்கு உள்ளாயினர். ஆயினும் இவ்வெற்றி கைக்கு மட்டும் உரியதன்று, பயிற்சிக்கும் உரியது. பயிற்சியோடு கைமுறையைச் சேர்ப்பதால் விளையும் கூடுதல் பயன் உறுதிப்படவில்லை என 2019இல் அமெரிக்க வாதநோய்க் கல்லூரி கருதியது.

ஏற்ற வழி

2022இல் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை இவ்விரண்டையும் உரிய இடத்தில் வைக்கின்றது. அனைவர்க்கும் முதற்சிகிச்சை உடற்பயிற்சி. பருமனுடையார்க்கு எடை குறைப்பு. கைமுறை மருத்துவம் பயிற்சிக்குத் துணையாக மட்டுமே வரலாம். மருந்தில் முதலிடம் முழங்கால்மேல் பூசும் அழற்சி நீக்கிக் களிம்புக்கு. அது பயன்தராவிடில், இரைப்பைக் காப்பு மருந்துடன், குறைந்த அளவில், குறுகிய காலத்திற்கு மாத்திரை.

தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிக்குப் பொருட்செலவில்லை. பலகையில் அமர்ந்து காலை நேராக நீட்டிச் சில நொடிகள் நிறுத்தி இறக்குவதே ஒரு நல்ல தொடக்கம். மீன் பிரிப்போர் குந்தாமல் தாழ்ந்த முக்காலியில் அமர்வதும் மூட்டின் சுமையைக் குறைக்கும். 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை சிகிச்சையை இல்லத்திற்கே கொண்டு செல்கிறது. ஏரிக்கரை ஊர்களுக்கு இஃது ஏற்றதொரு வாய்ப்பு. மூட்டு திடீரெனச் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் கண்டாலோ தேய்த்துவிடுதல் கூடாது. உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

மாத்திரை இன்றைய வலியைத் தணிக்கும். கை நாளைய அசைவை எளிதாக்கும். நெடுநாள் நடக்க வைப்பது நாம் நாள்தோறும் செய்யும் பயிற்சியேயாகும். இதனைக் கற்றறிந்த மாணவர்கள் தம் இல்லத்து முதியோர்க்கு எடுத்துரைப்பது சிறந்த தொண்டாகும்.