நாம் துரத்திய ஃபீலிக்ஸ்

கையடக்க உலகங்கள் – 9

சென்ற வாரம் ‘கோல்டன் சன்’ முதல் பாகத்தை வீனஸ் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் விட்டுவிட்டு வந்தோம். சாட்டுரோஸும் மெனார்டியும் வீழ்ந்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் ஏற்றிய விளக்கு அணையவில்லை. ஷீபா என்ற சிறுமி உச்சியிலிருந்து கடலில் விழுகிறாள். அவளைக் காப்பாற்ற ஃபீலிக்ஸும் பின்னாலேயே குதிக்கிறான். கதை அந்த இடத்தில் பாதியில் நிற்கிறது.

அதன் மறுபாதிதான் ‘கோல்டன் சன்: தி லாஸ்ட் ஏஜ்’. 2002 ஜூனில் ஜப்பானிலும் 2003 ஏப்ரலில் அமெரிக்காவிலும் கேம்பாய் அட்வான்ஸுக்கு வெளிவந்தது. இந்தத் தொடரில் இதுவரை நாம் பார்த்த இரண்டாம் பாகங்களில் இதைவிடத் துணிச்சலாகத் தொடங்கிய கேம் வேறில்லை.

முதல் பாகம் முழுக்க நாம் ஐசக். ஊரின் புனிதக் கற்களைத் திருடிக்கொண்டு ஓடியவர்களை மலை, பாலைவனம், கடல் என்று விரட்டிக்கொண்டே போனோம். அந்தக் கும்பலோடு சேர்ந்து போனவன் ஃபீலிக்ஸ். நம் ஊர்க்காரன், தோழி ஜென்னாவின் அண்ணன். வெள்ளத்தில் போய்விட்டான் என்று ஊரே அழுதது. அவன் முகமூடி அணிந்து எதிரிகளோடு திரும்பி வந்ததை நம்மால் மன்னிக்க முடியவில்லை. இரண்டாம் பாகத்தைத் தொடங்கினால் நம் கையில் இருப்பவன் அவன்தான். அதுமட்டுமல்ல, முந்தைய பாகத்தில் நாம் உயிரைக் கொடுத்துத் தடுக்கப் பார்த்த அதே காரியத்தை, மீதமுள்ள விளக்குகளை ஏற்றும் வேலையை, இப்போது நம் கையாலேயே செய்ய வேண்டியிருக்கிறது.

ஏன் என்று கேம் உடனே சொல்வதில்லை. மணிக்கணக்கில் நம்மைச் சந்தேகத்தோடேயே நடக்க விடுகிறது. இந்தக் கதை நடக்கும் வேயார்ட் ஒரு தட்டையான உலகம். அதன் விளிம்பில் கயா அருவி என்ற பெருநீர்வீழ்ச்சி கொட்டிக்கொண்டே இருக்கிறது; விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. ரசவாத சக்தியைப் பூட்டி வைத்ததால்தான் உலகம் தேய்கிறது, விளக்குகளை ஏற்றினால்தான் அது விடுபடும் என்று லெமூரியாவின் அரசர் ஹைட்ரோஸ் விளக்குகிறார். வடக்கே பனிக்குள் இருக்கும் புராக்ஸ் ஊர் அந்த விளிம்புக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. முதல் பாகத்தில் நாம் வெட்டிச் சாய்த்த சாட்டுரோஸும் மெனார்டியும் அந்த ஊர்க்காரர்கள். வெள்ளத்தில் போன ஃபீலிக்ஸைக் காப்பாற்றியவர்களும், அவன் பெற்றோரைத் தங்கள் பிடியில் வைத்திருப்பவர்களும் அவர்களே. அவர்கள் முரடர்கள்தான். ஆனால் அவர்கள் செய்ய வந்த வேலை தங்கள் ஊரைக் காப்பது. மெனார்டியின் தங்கை கார்ஸ்ட் அக்காவைக் கொன்றவனைத் தேடி வரும்போது, அந்தக் கொலையைச் செய்தது நம் விரல்கள்தான் என்பது சுருக்கென்று உறைக்கிறது.

தொடர்ச்சி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. புது ஊர், புது அரக்கன், பெரிய வாள் என்று கூட்டிக்கொண்டே போவது எளிது. பெரும்பாலான இரண்டாம் பாகங்கள் அதைத்தான் செய்கின்றன. முதல் பாகத்தில் நாம் சரியென்று நம்பியதைத் திரும்ப விசாரிக்க வைப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

இந்த கேமை உருவாக்கியது டோக்கியோவின் கேமலாட் நிறுவனம். ஹிரோயுகி தகாஹஷி, ஷூகோ தகாஹஷி என்ற சகோதரர்கள் நடத்துவது. ‘ஷைனிங் ஃபோர்ஸ்’ வரிசையில் பழகிய கை. மரியோ கோல்ஃப், மரியோ டென்னிஸ் கேம்களையும் செய்தவர்கள். முதலில் ஒரே கதையாகத் திட்டமிட்டதுதான் பிறகு இரண்டு கார்ட்ரிட்ஜ்களாகப் பிரிந்தது. அதனால்தான் இரண்டாம் பாகம் ஒட்டுப்போட்டதாகத் தெரிவதில்லை. முதல் பாகத்தில் புதிராக விட்ட முடிச்சுகளுக்கு இங்கே பதில் தயாராக இருக்கிறது. இசை மோட்டோய் சகுராபா. அந்தச் சின்ன ஸ்பீக்கரிலிருந்து அவர் எழுப்பும் போர் இசைக்காகவே ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளலாம்.

நம்பியதைத் திரும்ப விசாரிக்க வைக்கும் போக்கு கதையின் சின்னச் சின்ன இடங்களிலும் வெளிப்படுகிறது. நம்மோடு வரும் ஷீபாவுக்குப் பிறர் மனத்தைப் படிக்கும் சக்தி உண்டு. ஊருக்குள் யாரிடமாவது பேசுகிறோம், ஒரு பதில் வருகிறது. அதே ஆளின் எதிரில் நின்று சக்தியைப் பயன்படுத்தினால் அவர் உள்ளே நினைப்பது வேறாக இருக்கிறது. நாய், பூனை என்று விலங்குகளின் மனத்தையும் படிக்கலாம். கேம் இதைக் கட்டாயப்படுத்துவதில்லை. அவசரக்காரர்கள் தாண்டிப் போய்விடலாம். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் நின்று படித்தவர்களுக்கு இந்த உலகம் இரண்டு மடங்கு பெரியது.

மத்ரா என்ற ஊரில் பியர்ஸ் என்ற மாலுமியைச் சிறையில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அண்மையில் ஊரைச் சூறையாடிய கடற்கொள்ளையரில் ஒருவன் என்று சந்தேகம். அவன் குற்றமற்றவன். சரி, உண்மையான கொள்ளையர் யார் என்று தேடிப்போனால் அவர்கள் சம்பா என்ற வறிய ஊரிலிருந்து வந்தவர்கள். ஊர்ப் பசிக்காகக் கொள்ளையில் இறங்கியவர்கள். யாரையும் முதல் பார்வையில் தீர்ப்பளிக்காதே என்று ஒரு பாத்திரமும் வசனம் பேசவில்லை. நடக்கிற ஒவ்வொன்றும் அதையே காட்டுகிறது. நம் வாசகர்கள் கவனிக்க இன்னொன்று: மத்ரா இருக்கும் கண்டத்தின் பெயர் இந்த்ரா. அங்கேயே தெஹ்கான் பீடபூமி. மதராஸும் தக்காணமும் காதில் விழாமல் போகாது.

போர்முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இதன் அழகு அங்கேதான். ஜின் எனப்படும் குட்டிப் பூதங்கள் இரு பாகங்களிலும் சேர்த்து 72. முதலில் 28, இதில் 44. ஒரு ஜின்னைப் பாத்திரத்தோடு பொருத்தினால் உடல்வலு கூடும், அவரது வகுப்பே மாறும். சண்டையில் அதை ஏவினால் பலன் உடனே கிடைக்கும், ஆனால் அது பிரிந்து நிற்பதால் அந்த வலு குறையும். அப்படிப் பிரிந்து நிற்பவற்றைச் சேர்த்துத்தான் பெரிய தேவதைகளை அழைக்க முடியும். அழைத்த பிறகு அந்த ஜின்கள் மீண்டு வரச் சில சுற்றுகள் ஆகும். அதுவரை நாம் பலவீனம். அதாவது மிகப் பெரிய அடியை அடிப்பவர் அடுத்த நொடியில் மிக எளிதில் வீழக்கூடியவர். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே ஆடுவது தனி இன்பம்.

மந்திரங்கள் சண்டைக்கு மட்டுமல்ல. பின்னர் நம் அணியில் சேரும் பியர்ஸ் தரையில் தேங்கிய நீரை உறையவைத்தால் பனித்தூண் எழும். அதன்மேல் தாவி அடுத்த மேடைக்குப் போகலாம். அதே மந்திரம் போரில் எதிரியையும் தாக்கும். 240க்கு 160 புள்ளிகள் மட்டுமே கொண்ட திரையில் இவ்வளவு வகைப் புதிர்களை அடுக்கியிருப்பது பெரிய திறமை.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்தால் இது விமர்சனம் ஆகாது. பேச்சு அதிகம். ஒரே செய்தியை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லி முடிக்கும்வரை பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஏர்ஸ் ராக் என்ற பாறைக்கோட்டை எல்லை மீறி நீள்கிறது. காற்றுச் சக்தியை வைத்து ஒரே வகைப் புதிரைத் திரும்பத் திரும்ப அவிழ்த்துக் களைத்துப்போகிறோம். கப்பல் கிடைத்ததும் கடல் முழுதும் திறந்துவிடுகிறது, ஆனால் எங்கே போவது என்ற வழிகாட்டல் மெலிந்துவிடுகிறது. லெமூரியாவுக்குள் நுழையத் தேவையான திரிசூலத்தின் மூன்று முனைகளும் ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன. ஊர்க்காரர் பேச்சைக் கூர்ந்து கேட்காதவர்கள் நாள்கணக்கில் அலைவார்கள். நான் இதைப் பாதிக் குறையாகத்தான் எண்ணுகிறேன். ஏர்ஸ் ராக் முழுக் குறை.

பழைய பாகத்தை முடித்தவர்களுக்குக் கிடைக்கும் பரிசைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. ஐசக் குழுவின் லெவல், ஆயுதங்கள், ஜின்கள் அனைத்தையும் இங்கே கொண்டுவரலாம். இரண்டு கருவிகளும் கேபிளும் இருந்தால் சுலபம். இல்லையென்றால் 260 எழுத்துகள் கொண்ட கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்தது. ஓரெழுத்து பிசகினாலும் ஏற்காது. அவ்வளவு பாடும் தகும். பிற்பகுதியில் ஐசக்கும் ஃபீலிக்ஸும் எதிரெதிரே நின்று பேசி, இரு குழுவின் எட்டுப் பேரும் ஒரே அணியாகும்போது, நாம் வளர்த்த ஐசக்கே வந்து நிற்கிறான். அனீமோஸ் உள்ளறையின் கதவு 72 ஜின்களும் சேர்ந்தால்தான் திறக்கும். அதற்குள் காத்திருக்கும் டுல்லஹான்தான் இரண்டு பாகங்களிலும் மிகக் கடினமான எதிரி. பழைய பாகத்திலிருந்து எதையும் கொண்டுவராதவர்கள் அவனைச் சந்திக்கவே முடியாது.

கடைசிப் போரில் எதிரே வருவது யார் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதை அறியாமல் போய்ச் சேருவதுதான் நியாயம்.

எனவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: முதல் பாகத்தை முடிக்காமல் இதைத் தொடாதீர்கள். ஐசக்காக நடந்து, ஃபீலிக்ஸை வெறுத்த பிறகே அவனாக நடங்கள். பழைய கருவியைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. இரண்டு பாகங்களும் 2024 ஜனவரியில் நின்டெண்டோ ஸ்விட்ச்சின் ஆன்லைன் சந்தாவில், எக்ஸ்பான்ஷன் பேக் எடுத்தவர்களுக்குச் சேர்க்கப்பட்டன. ஏர்ஸ் ராக்கில் சோர்ந்து விட்டுவிடாதீர்கள். அதற்குப் பின்தான் கதை சூடுபிடிக்கிறது.

மூன்றாம் பாகமான ‘டார்க் டான்’ 2010இல் நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வந்தது. அது இந்த உயரத்தை எட்டவில்லை. ஏன் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.