மதியமும் நண்பகலும்

கிருஷ்ணகிரி ஜில்லாவிலுள்ள பர்கூரின் ஜவுளிக் கடைவீதியில் சற்று நேரம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று பாஷைகளும் காதில் விழும். ஆயினும், உச்சிவேளையின் பெயரில் மூவரும் ஒற்றுமைப்பட்டிருக்கிறார்கள். தெலுங்கர் ‘மத்யாஹ்னம்’ என்பர். கன்னடர் ‘மத்யாஹ்ன’ என்பர். நாம் ‘மத்தியானம்’ என்கிறோம். நடு என்று பொருள்படும் ‘மத்ய’, பகலைக் குறிக்கும் ‘அஹ்ன’ என்ற இரு வடசொற்கள் கூடிப் பிறந்த பதம் அது. ‘மதியம்’ என்று நாம் வழங்குவதும் அந்த ‘மத்ய’ என்பதன் வழிவந்ததே.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. நமது பழைய நூல்களில் மதியம் என்றால் சந்திரன். இரவுக்குரிய நிலவும், வெயில் காயும் உச்சிவேளையும் இன்று ஒரே உருவமுள்ள சொல்லில் குடியிருக்கின்றன. உருவம் ஒன்றாயினும் இரண்டும் பிறப்பால் வேறு.

வடசொல் வழி வந்ததாயின் மதியத்தை விலக்கிவிடலாமே என்பார் சிலர். நாம் அதற்கு இசையோம். 1956-ல் காமராஜர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் விரிந்தது, 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. ஏழைக் குழந்தைக்கு மதியம் என்பது வெறும் பொழுதின் பெயரன்று, சோற்றின் பெயர். பசியாற்றிய சொல்லைப் பிறந்த ஊர் கேட்டுத் துரத்துவது தர்மமாகாது.

நிற்க. வந்த சொல்லைப் போற்றுவதற்காக வீட்டுச் சொல்லை மறப்பதும் நியாயமன்று. ‘நண்பகல்’ என்பதற்கும் நண்பனுக்கும் சம்பந்தமில்லை. நள் என்றால் நடு. நள்ளும் இரவும் சேர்ந்து நள்ளிரவு ஆனதுபோல, நள்ளும் பகலும் சேர்ந்து நண்பகல் ஆயிற்று. பாலைத் திணைக்குரிய பொழுதாகத் தொல்காப்பியம் வகுத்திருப்பது இந்த நண்பகலையே.

பகல் என்ற சொல்லுக்கும் நடு என்ற பொருள் உண்டு. மாட்டு நுகத்தடியின் மத்தியிலுள்ள ஆணிக்குப் பகல் என்று பெயர். இரு மாடுகளுக்கும் பொதுவாய், எப்பக்கமும் சாயாது நிற்பது அது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நேர்மையைப் பட்டினப்பாலை ஆசிரியர் அந்த ஆணிக்கே ஒப்பிட்டார். நீதிமன்றத்தில் பழகிய நமக்கு இவ்வுவமை மிக இனிக்கிறது. வடமொழியார் ‘மத்ய’ என்பதிலிருந்து மத்தியஸ்தரைப் பெற்றனர். தமிழர் ‘நடு’ என்பதிலிருந்து நடுவரைப் பெற்றனர். இருவருக்கும் நியாயம் நடுவில்தான் தோன்றியிருக்கிறது.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கு நமது விண்ணப்பம் இது: மதியம் என்று கூறும் குழந்தையைத் திருத்த வேண்டாம், அதனருகே நண்பகலையும் பொருளோடு சொல்லிக்கொடுங்கள். பேச்சில் அது வாழட்டும். எழுத்தில் இதுவும் வாழட்டும். எந்தப் பாஷையில் விலை கேட்டாலும் அளவு குறையாமல் துணி அளக்கும் பர்கூர் வணிகர் எவரோ, அவரே நண்பகலின் பொருளை நமக்கு நன்கு விளக்குகிறவர்.