இடிந்த கட்டடத்திலிருந்து ஜல்லி

2022 ஆகஸ்ட் 28 அன்று நொய்டாவின் இரட்டைக் கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்தபோது சுமார் 80,000 டன் இடிபாடு குவிந்தது. கோபுரங்கள் சரிந்த சில நொடிகளைத்தான் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. எனக்கு அதைவிடச் சுவையாகத் தெரிவது அதன் பிறகு நடக்கும் வேலை.

இப்படிப்பட்ட இடிபாட்டைக் கிரஷரில் நொறுக்கி, காந்தத்தால் கம்பித் துண்டுகளை எடுத்து, சல்லடையில் சலித்தால் முக்கால் அங்குல ஜல்லி கிடைத்துவிடும். பார்வைக்குக் குவாரி ஜல்லி போலவே இருக்கும். ஆனால் புளியங்கொட்டையில் சதை ஒட்டியிருப்பதுபோல, ஒவ்வொரு கல்லிலும் பழைய சிமென்ட் சாந்து ஒட்டியிருக்கும். சிக்கல்களில் பெரும்பாலானவை அதிலிருந்தே தொடங்குகின்றன.

அந்தச் சாந்து முழுக்க நுண்துளைகள். நல்ல கருங்கல் ஜல்லி தன் எடையில் ஒரு சதவீதத் தண்ணீரைக்கூட உறிஞ்சுவது அரிது. மறுசுழற்சி ஜல்லியோ 3 முதல் 10 சதவீதம்வரை குடிக்கும். கலவை இறுகுவதைப் பார்த்ததும், 'இன்னும் ஒரு வாளி ஊத்து' என்பார் மேஸ்திரி. கண்ணளவில் ஊற்றிய அந்த வாளி காங்கிரீட்டின் வலுவைக் கெடுத்துவிடும். இதற்கு மருந்து எளிது: ஜல்லியை முன்கூட்டியே நனைத்து, மேலே உள்ள ஈரம் வடிந்த பிறகு கலவையில் சேர்க்க வேண்டும்.

குவாரி ஜல்லியில் 20, 30 சதவீதத்தை மட்டும் மாற்றினால் அழுத்த வலுவில் பெரிய வித்தியாசம் தெரியாது. முழுவதும் மாற்றினால் பொதுவாக 10 முதல் 25 சதவீதம்வரை குறையும். சிமென்டைக் கூட்டியோ தண்ணீரைக் குறைத்தோ அதை ஈடுகட்டிவிடலாம். விறைப்பு குறைவதுதான் எனக்குக் கவலை தருகிறது. அழுத்த வலுவைப் பார்க்கும் கியூப் சோதனையில் தேறிய காங்கிரீட்டும், சுமை ஏறும்போது பீமில் கூடுதலாக வளையும். உலரும்போது அதிகமாகச் சுருங்கும்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 383, 2016 திருத்தத்தில் இந்த ஜல்லிக்கு இடம் கொடுத்தது, அதுவும் எச்சரிக்கையோடு. கம்பி கட்டிய காங்கிரீட்டில் 20 சதவீதம், அதுவும் எம்25 தரம்வரை மட்டுமே. கம்பியில்லாத காங்கிரீட்டில் 25. அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் பி.சி.சி. போன்ற மெலிந்த கலவையில் முழுவதுமே போடலாம். செங்கல், டைல்ஸ் எல்லாம் கலந்து நொறுக்கிய ஜல்லிக்கு இந்தக் கடைசி வேலை மட்டும்தான். ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் கலந்துவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம். அதிலுள்ள சல்பேட் சிமென்டோடு வினைபுரிந்து, இறுகிய காங்கிரீட்டை உள்ளிருந்தே விரிசல் விடச் செய்யும். அதனால் ஜிப்சத்தை இடிப்பதற்கு முன்பே தனியாகக் கழற்றிவிட வேண்டும். நொறுங்கிக் கலந்த பிறகு அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.